கர்ணத்தின் மேல் நிற்கும் சதுரம்

பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் யாரிடமும் செங்கோண முக்கோணத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் ஈக்வல் டு சி ஸ்கொயர்" என்று பிதாகரஸ் தேற்றத்தை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். கர்ணம் (செங்கோணத்திற்கு எதிரே இருக்கும் பக்கம்) 13, ஒரு பக்கம் 12, மற்றொரு பக்கம் என்ன என்று அவர்களிடமே கேட்டால், பலர் 169-ஐயும் 144-ஐயும் கூட்டி 313 என்று எழுதி, அதற்கு வர்க்கமூலம் தேடத் தொடங்கிவிடுவார்கள். செங்கோணமே இல்லாத முக்கோணத்தை வரைந்து கொடுத்தாலும் அதே சூத்திரத்தைத்தான் கையில் எடுப்பார்கள். கர்ணத்தை விடப் பெரிய பக்கம் ஒன்று எப்படி வரும் என்ற ஐயம் அவர்களுக்கு எழுவதில்லை. ஏனென்றால் அவர்கள் மனத்தில் எழுத்துகள் இருக்கின்றனவே தவிர, முக்கோணம் இல்லை.

வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாலை வேளைகளில் எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். காசிமேட்டிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் வருகிறார்கள். மீன் ஏலத்தில் மனக்கணக்காகவே விலை சொல்லும் பிள்ளைகளும், தையல் கடையில் துணியின் மேல் சாக்கட்டி பிடித்துக் கோடு போடும் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அளப்பதும் வெட்டுவதும் நிறுப்பதும் அவர்களுக்குப் புதிதல்ல. ஆகவே இந்தத் தேற்றத்தை நான் கரும்பலகையில் தொடங்குவதில்லை. கத்தரிக்கோலில் தொடங்குகிறேன்.

எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் புடவை வைத்துக் கொடுக்கும் அட்டைப்பெட்டிகள் எங்கள் பகுதியில் எந்த வீட்டுப் பரணிலும் கிடைக்கும். ஒரே வகைப் பெட்டிகளாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறோம். அட்டையின் கனம் ஒன்றாக இருப்பது முக்கியம். 15 செ.மீ., 20 செ.மீ. பக்கங்களுக்கு நடுவே செங்கோணம் அமையுமாறு ஒரு முக்கோணத்தைத் தரையில் வரைந்தால், கர்ணம் அளவுகோலில் 25 செ.மீ. என்று வந்து நிற்கிறது. பிறகு 15, 20, 25 பக்கமுள்ள சதுரங்களை ஒவ்வோர் அளவிலும் நான்கு நான்காக வெட்டச் சொல்கிறேன். ஒன்றே ஒன்றாக வைத்தால் தராசு அசையாது. நான்கு சேர்ந்தால்தான் முள் பேசும். தராசு, எங்கள் மாணவி ஒருத்தியின் ஆயா காசிமேட்டில் மீன் விற்றபோது வைத்திருந்த இரட்டைத் தட்டுத் தராசு. மின்னணுத் தராசு வந்த பிறகு வீட்டு மூலையில் கிடந்ததை அவள் தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு தட்டில் 25-இன் சதுரங்கள் நான்கையும், மறு தட்டில் 15-இன் சதுரங்கள் நான்கையும் 20-இன் சதுரங்கள் நான்கையும் சேர்த்து வைத்தால், முள் நடுவில் நிற்கிறது.

இதோடு நிறுத்திவிட்டால் பாதிப் பாடம்தான் ஆகும். எந்த முக்கோணத்திற்கும் இப்படித்தான் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அதனால் அடுத்து, அதே 15, 20 பக்கங்களை வைத்துக்கொண்டு அவற்றுக்கு இடையிலான கோணத்தை மட்டும் விரிக்கச் சொல்கிறேன். மூன்றாம் பக்கம் 30 ஆகும் வரை விரித்தால், அதன் மேல் நிற்கும் சதுரத்தின் பரப்பு 900. மற்ற இரண்டும் சேர்ந்து 625 மட்டுமே. பெரிய சதுரம் இருக்கும் தட்டு கீழே இறங்குகிறது. கோணத்தைச் சுருக்கி மூன்றாம் பக்கத்தை 20 ஆக்கினால் அதன் சதுரம் 400. இப்போது தட்டு மேலே ஏறுகிறது. விரிந்த கோணத்திற்கும் குறுகிய கோணத்திற்கும் நடுவே, ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரு தட்டுகளும் சமமாக நிற்கின்றன, அந்த இடம் செங்கோணம் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிட்ட பிறகு, சாய்ந்த முக்கோணத்தின் மேல் சூத்திரத்தைப் போடும் பழக்கம் தானாகவே குறைகிறது. பெரிய பக்கத்தின் வர்க்கம் மற்ற இரண்டின் கூடுதலை விட அதிகமானால் விரிகோணம், குறைந்தால் குறுங்கோணம் என்பதையும் மனப்பாடம் செய்யாமலே சொல்கிறார்கள்.

தராசு காட்டுவது நிரூபணம் ஆகாது என்பதையும் அன்றே சொல்லிவிடுகிறேன். முள் நடுவில் நிற்பதாகத் தோன்றுவது வேறு, நின்றே ஆக வேண்டும் என்று அறிவது வேறு. ஒரு குறிப்பிட்ட முக்கோணத்தை நாம் நிறுத்துப் பார்த்தோம். உலகில் வரையக்கூடிய செங்கோண முக்கோணங்கள் அனைத்தையும் யாராலும் நிறுத்துப் பார்க்க முடியாது. ஏன் என்ற கேள்வி அங்கேதான் பிறக்க வேண்டும். பிள்ளைகள் அதைக் கேட்கும் வரை நான் நிரூபணத்திற்குப் போவதில்லை. கேட்க ஒரு வாரம் ஆனாலும் காத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

அந்தக் கேள்வியைத் தூண்டுவதற்கு இன்னொரு வெட்டு வேலை உதவுகிறது. சதுரங்களுக்குப் பதிலாக மூன்று பக்கங்களின் மேலும் அரைவட்டங்களை வெட்டி நிறுத்தால் என்ன ஆகும் என்று கேட்கிறேன். வட்டத்திற்கும் இந்தச் சூத்திரத்திற்கும் தொடர்பே இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். வெட்டி வைத்தால் அவையும் சமமாகவே நிற்கின்றன. சமபக்க முக்கோணங்களை வெட்டி வைத்தாலும் அப்படித்தான். மூன்றும் ஒன்றுக்கொன்று வடிவொத்தவையாக, அதாவது அளவு மாறினாலும் வடிவம் மாறாதவையாக, இருந்தால் போதும், எந்த உருவமும் செல்லும். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் இதைத் தனித் தேற்றமாகவே நிறுவியிருக்கிறார். சதுரத்தில் மாயம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தவுடன், அப்படியானால் எது காரணம் என்று பிள்ளைகள் முக்கோணத்தின் பக்கமே திரும்பிப் பார்க்கிறார்கள்.

இப்போது முக்கோணத்தையே எடுத்துக்கொள்கிறோம். 15, 20, 25 பக்கமுள்ள செங்கோண முக்கோணம் ஒன்றைப் புடவைப் பெட்டியின் அட்டையில் வெட்டி, செங்கோண உச்சியிலிருந்து கர்ணத்திற்குச் செங்குத்தாக ஒரு கோடு விழுமாறு மடித்து, அந்த மடிப்பின் வழியே கத்தரித்தால் இரண்டு துண்டுகள் கிடைக்கின்றன. பெட்டியின் ஒரு பக்கம் வழவழப்பாக அச்சிட்டதும் மறுபக்கம் சாம்பல் நிறத்ததுமாக இருப்பது இங்கே நல்ல உதவி. துண்டுகளைப் புரட்டி, சாம்பல் பக்கம் மேலே வருமாறு, முழு முக்கோணத்தின் மூலைகளோடு பொருத்திப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டு துண்டுகளும் பெரிய முக்கோணத்தின் அதே கோணங்களோடு பொருந்துகின்றன. தாய் முக்கோணம் தன்னைப் போன்ற இரண்டு சிறிய முக்கோணங்களாகப் பிரிந்திருக்கிறது.

இதன் பிறகு நடப்பதை நான் மிகவும் விரும்புகிறேன். பெரிய முக்கோணத்தின் கர்ணம் 25. ஒரு துண்டின் கர்ணம் எது என்று கேட்டால், சற்று யோசித்து, 15 என்கிறார்கள்; மற்றதன் கர்ணம் 20. அதாவது, பெரிய முக்கோணத்தின் இரு சிறு பக்கங்களே இந்த இரு துண்டுகளுக்கும் கர்ணங்கள். பரப்புகளைக் கணக்கிடுகிறோம். செங்குத்துக் கோட்டின் நீளம் 12. அது கர்ணத்தை 9, 16 என்று பிரிக்கிறது. துண்டுகளின் பரப்புகள் 54, 96. இரண்டும் சேர்ந்து 150. முழு முக்கோணத்தின் பரப்பும் 150. வெட்டிய துண்டுகள் சேர்ந்தால் முழுசு வருவதில் வியப்பு எதுவும் இல்லை. இப்போது ஒவ்வொரு பரப்பையும் அதனதன் கர்ணத்தின் வர்க்கத்தால் வகுக்கச் சொல்கிறேன். 150-ஐ 625-ஆல் வகுத்தால் 0.24. 54-ஐ 225-ஆல் வகுத்தால் 0.24. 96-ஐ 400-ஆல் வகுத்தால் அதுவும் 0.24. மூன்றும் வடிவொத்தவை என்பதால் ஒவ்வொன்றும் தன் கர்ணத்தின் மேல் நிற்கும் சதுரத்தில் அதே பங்குதான். துண்டுகள் இரண்டும் கூடி முழுசு ஆகின்றன என்றால், அவற்றின் சதுரங்களும் கூடிப் பெரிய சதுரம் ஆகத்தான் வேண்டும். வேறு முக்கோணத்திற்கு 0.24 என்பது வேறு எண்ணாக மாறும். மூன்றுக்கும் ஒரே எண் என்பது மட்டும் மாறாது.

நம் பத்தாம் வகுப்புப் பாடத்தில் வருவதும் இதே நிரூபணம்தான். உச்சியிலிருந்து செங்குத்து வரைந்து, வடிவொத்த முக்கோணங்களின் பக்க விகிதங்களை எழுதி, குறுக்குப் பெருக்கல் செய்து, கூட்டி முடிக்கிறார்கள். கணிதமாக அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஐந்து மதிப்பெண் வினாவாக அதைப் பார்க்கும் மாணவருக்குப் படி ஒன்று, படி இரண்டு, படி மூன்று என்பவைதான் நிற்கின்றன. அந்தச் செங்குத்துக் கோடு எதற்காக வரையப்படுகிறது என்பது நிற்பதில்லை. துண்டை வெட்டிப் புரட்டிப் பார்த்த பிள்ளை தேர்வுத் தாளில் அதே படிகளைத்தான் எழுதும். ஆனால் நடுவில் ஒரு படி மறந்துபோனால் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். தேர்வைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்கு இல்லை. எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு அந்த மதிப்பெண் எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். அதற்காகவே இந்த வழியை வற்புறுத்துகிறேன்.

இன்னொரு தவறைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கணக்கு ஆசிரியர்கள் எல்லோரும் நாள்தோறும் திருத்துவது அது. 9-ஐயும் 16-ஐயும் கூட்டி வர்க்கமூலம் காணச் சொன்னால், தனித்தனியே வர்க்கமூலம் எடுத்து 3-ஐயும் 4-ஐயும் கூட்டி 7 என்று எழுதுவது. சிவப்பு மையில் சுழித்து மட்டும் விட்டால் அடுத்த வாரமும் அதே தவறு வரும். முதலில், விடை 7 என்றால் அதற்கு என்ன பொருள் என்று கேட்கிறேன். 80 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் உள்ள பந்தாட்டத் திடலில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஓரமாகவே நடந்தால் 140 மீட்டர். குறுக்கே நடந்தால் 100. குறுக்கு வழியும் சுற்று வழியும் ஒன்று என்று சொல்வதுதான் அந்த 7. வியாசர்பாடியில் பந்து விளையாடிப் பழகிய பிள்ளைகள் இதை ஏற்கவே மாட்டார்கள்.

பிறகு அந்த 7-ஐயே ஒரு சதுரமாக வரையச் சொல்கிறேன். கட்டம் போட்ட தாளில் 7-க்கு 7 சதுரம். மொத்தம் 49 கட்டங்கள். அதன் ஒரு மூலையில் 3-க்கு 3 சதுரத்தையும், எதிர் மூலையில் 4-க்கு 4 சதுரத்தையும் வண்ணம் தீட்டினால், 3-க்கு 4 என்ற அளவில் இரண்டு செவ்வகங்கள் வெள்ளையாக மிஞ்சுகின்றன. 49-க்கும் 25-க்கும் உள்ள வேறுபாடான 24 கட்டங்கள் அந்த இரண்டு செவ்வகங்கள்தாம். ஒவ்வொரு செவ்வகத்தையும் மூலைவிட்டத்தில் வெட்டினால் நான்கு செங்கோண முக்கோணங்கள். அந்த நான்கையும் எடுத்து, அதே 7-க்கு 7 சதுரத்தின் நான்கு மூலைகளிலும் செங்கோணம் பொருந்துமாறு, ஓரம் முழுதும் நிறையும்படி வைத்தால், நடுவில் சாய்வாக ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அதன் நான்கு பக்கங்களும் கர்ணங்கள். நான்கு மூலைகளும் செங்கோணங்கள். வெளிச் சதுரம் மாறவில்லை, முக்கோணங்கள் மாறவில்லை. ஆகவே மிஞ்சிய இடமும் மாறியிருக்க முடியாது. முன்பு மிஞ்சியது 9-உம் 16-உம், இப்போது மிஞ்சுவது கர்ணத்தின் சதுரம். தவறாக எழுதிய 7-லிருந்தே தேற்றத்தின் இன்னொரு நிரூபணம் கிடைத்துவிடுகிறது. 3, 4 என்ற எண்களுக்குப் பதில் எந்த நீளங்களை வைத்தாலும் இந்த வாதம் அப்படியே நிற்கும். இதற்கு மிக நெருங்கிய வரைபடம் பழைய சீனக் கணித மரபிலும் உண்டு.

தேற்றத்தின் மறுதலையை நான் சொல்லித் தருவதில்லை. எங்கள் மாணவர் ஒருவரின் தந்தை, கட்டட மேஸ்திரி, அவர் வந்து சொல்லித் தருகிறார். ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு ஓய்வு. "வாங்க அண்ணே, பசங்களுக்கு மூலை எப்படி எடுக்கறதுன்னு காட்டுங்க" என்று கேட்டுக்கொண்டால் நூல் உருண்டையும் டேப்பும் ஆணியுமாக வந்துவிடுவார். மாடிச் சுவரை ஒட்டி ஒரு நூலைக் கட்டி, மூலையிலிருந்து 3 அடியில் குறி வைப்பார். மறுபக்கம் போகும் நூலில் 4 அடியில் குறி. இரண்டு குறிகளுக்கும் நடுவே டேப்பைப் பிடித்து, சரியாக 5 அடி வரும் வரை இரண்டாவது நூலை அசைத்து அசைத்து நிறுத்துவார். "அஞ்சு வந்துட்டா மூலை மட்டம் வந்துட்டுது டீச்சர், அப்புறம் கண்ணை மூடிக்கினு கட்டலாம்" என்பார். செங்கோணம் இருந்தால் இந்த உறவு வரும் என்பது தேற்றம். இந்த உறவு இருந்தால் செங்கோணம் இருக்கும் என்பது மறுதலை. பிந்தையதை நம்பித்தான் நம் வீடுகள் நிற்கின்றன. யூக்ளிட் தம் வடிவியல் நூலின் முதல் பகுதியைத் தேற்றத்தோடு முடிக்காமல் மறுதலையையும் நிறுவிய பிறகே முடித்தார் என்று சொன்னபோது, அது முறைதானே என்பது போல மேஸ்திரி தலையசைத்தார்.

பெரிய மனையில் 3, 4, 5 வைக்காமல் 9, 12, 15 வைப்பார்கள் என்று அவர் சொன்னதைப் பிள்ளைகள் கணக்காகவே போட்டுப் பார்த்தார்கள். டேப் ஓர் அங்குலம் பிசகிவிட்டது, 5 அடிக்குப் பதில் 5 அடி 1 அங்குலம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூலை 90 பாகைக்குப் பதில் ஏறத்தாழ 92 பாகை ஆகிவிடும். அந்த மூலையை நம்பி 20 அடிக்குச் சுவர் எழுப்பினால், மறு முனை 8 அங்குலத்திற்கும் மேல் விலகிப் போயிருக்கும். அதே ஓர் அங்குலப் பிசகு 15 அடிக் குறுக்கில் நேர்ந்தால் விலகல் 3 அங்குலத்திற்குள் அடங்கும். இங்கே பல மனைகளின் அகலமே 12 அடி, 15 அடி. அதில் 8 அங்குலம் என்பது ஒரு பீரோ வைக்க முடியுமா முடியாதா என்ற கேள்வி.

இனி, பிள்ளைகள் கைப்பேசியில் கொண்டுவந்து காட்டும் ஒரு செய்யுளைப் பற்றி எழுத வேண்டும். வர்க்கமும் வர்க்கமூலமும் இல்லாமலே தமிழர் கர்ணம் கண்டனர் என்ற குறிப்போடு அது சுற்றி வருகிறது. அதன் விதி இதுதான்: நீளமான பக்கத்தை எட்டுக் கூறாக்கி, ஒரு கூறைத் தள்ளிவிட்டு, மிச்சத்தோடு மற்றப் பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம். 8, 6 என்ற பக்கங்களுக்கு 7-உம் 3-உம் சேர்ந்து 10, சரியாக வருகிறது. 12, 5 என்றால் பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13, அதுவும் சரி. பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். இதை ஏளனம் செய்து ஒதுக்குவதும், எல்லாவற்றுக்கும் இதுவே போதும் என்று கொண்டாடுவதும் இரண்டுமே அந்த விதிக்குச் செய்யும் அநீதி என்று நினைக்கிறேன். சோதித்துப் பார்ப்பதுதான் மரியாதை.

மாடியில் எப்போதும் ஒரு கேரம் பலகை கிடக்கும். வடசென்னையில் கேரம் இல்லாத தெரு ஏது? பலகையின் ஆட்டப் பரப்பு 74 செ.மீ. சதுரம். விதிப்படி 64.75-உம் 37-உம் சேர்ந்து, மூலைக்கு மூலை 101.75 செ.மீ. இருக்க வேண்டும். டேப் வைத்து அளந்தபோது 104.6 என்று வந்தது. ஏறத்தாழ 3 செ.மீ. குறை. 15, 8 என்ற பக்கங்களுக்கு உண்மையான கர்ணம் 17, விதி 17.125 தருகிறது. 24, 7 என்றால் உண்மை 25; விதி 24.5 தருகிறது. சில இடங்களில் சரி, சில இடங்களில் கூடுதல், சில இடங்களில் குறைவு. இந்த மூன்றும் எங்கெங்கே நிகழ்கின்றன என்று தேடுவது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அருமையான இருபடிச் சமன்பாட்டுப் பயிற்சி. நீண்ட பக்கம் அ, மற்றது ஆ என்று வைத்து, விதி தரும் நீளத்தை வர்க்கப்படுத்தி, அ² + ஆ² என்பதோடு சமப்படுத்திச் சுருக்கினால், 15அ² − 56அஆ + 48ஆ² = 0 என்று வருகிறது. இதற்கு இரண்டே தீர்வுகள்: அ-வுக்கும் ஆ-வுக்கும் உள்ள விகிதம் 4-க்கு 3 அல்லது 12-க்கு 5. வேறு எந்த விகிதத்திற்கும் விதி துல்லியமாக வராது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட முக்கோணங்களில் விதி சற்றே கூடுதலாகச் சொல்லும். ஆனால் அந்தக் கூடுதல் நூற்றுக்கு 0.8-ஐத் தாண்டுவதில்லை. இரு பக்கங்களும் சமமாக இருந்தால் நூற்றுக்கு 3-க்குச் சற்றுக் குறைவான பிழை. ஒரு பக்கம் மிகவும் சிறுத்துப் போனால் பிழை நூற்றுக்கு 12.5 வரை போகும்.

செங்கோண முக்கோணத்தில் மேஸ்திரிகளுக்கு மிகவும் பழக்கமானவை 3, 4, 5-உம் 5, 12, 13-உம். இரண்டிலும் பிசகாமல், நடுவில் அதிகம் விலகாமல், பாதியும் எட்டில் ஒன்றும் மட்டும் தெரிந்தவர் நொடியில் போடக்கூடிய ஒரு விதியை யாரோ சிந்தித்து அமைத்திருக்கிறார்கள். தச்சு வேலைக்கும் பந்தல் வேலைக்கும் அது மிக நல்ல விதி. அது தேற்றத்திற்கு மாற்று ஆகாது. எங்கே பொருந்தும் என்று சொல்வதற்கே தேற்றம் தேவைப்படுகிறது. இதைத் தாமே கணக்குப் போட்டுக் கண்ட பிள்ளைகள், அந்தச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பும்போது எல்லைகளையும் சேர்த்து எழுதி அனுப்பினார்கள். எனக்கு அதில் மிகுந்த நிறைவு.

தேற்றத்தை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்வியும் இதை ஒட்டியே வரும். பிதாகரஸ் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவருக்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 12709, 18541 என்ற இரண்டு எண்கள் அதன் ஒரு வரியில் உள்ளன. 18541-இன் வர்க்கத்திலிருந்து 12709-இன் வர்க்கத்தைக் கழித்தால் 13500-இன் வர்க்கம் வரும். கால்குலேட்டர் இல்லாமல் பெருக்கிப் பாருங்கள் என்று ஒரு மாலை முழுதும் விட்டுவிட்டேன். பழைய இந்திய நூலான பௌதாயனரின் சுல்ப சூத்திரம், செவ்வகத்தின் மூலைவிட்டத்தில் இழுத்துக் கட்டிய கயிறு உண்டாக்கும் பரப்பு, அதன் இரு பக்கங்களும் தனித்தனியே உண்டாக்கும் பரப்புகளின் கூடுதல் என்கிறது. சுல்ப சூத்திரக்காரர்கள் யாக மேடைகளைக் கயிறு பிடித்து அளந்தவர்கள். பேசுவது பரப்பைப் பற்றித்தான். சதுரத்தின் மூலைவிட்டத்திற்கு அதே நூல் தரும் வழி: பக்கத்தோடு அதன் மூன்றில் ஒரு பங்கைச் சேர், அந்த மூன்றில் ஒன்றின் கால் பங்கையும் சேர், கடைசியாகச் சேர்த்ததில் 34-இல் ஒரு பங்கைக் கழி. கேரம் பலகைக்கு இதைப் போட்டால் 104.652 செ.மீ. வருகிறது, உண்மை மதிப்போடு உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை.

பழமை மட்டுமே பேசினால் எல்லாம் முடிந்துவிட்டது போலப் பிள்ளைகள் நினைப்பார்கள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரப் பள்ளி மாணவியர் இருவர், கால்சியா ஜான்சனும் நெகியா ஜாக்சனும், முக்கோணவியலைக் கொண்டு புதிய நிரூபணம் ஒன்றை 2023-இல் கணித மாநாட்டில் முன்வைத்தார்கள். மேலும் சிலவற்றையும் சேர்த்து எழுதிய அவர்களின் கட்டுரை 2024-இல் கணித ஆய்விதழில் வெளியானது. இதைக் கேட்டவுடன் எங்கள் மாணவியர் முதலில் கேட்டது, "அவங்க எந்த கிளாஸ் மிஸ்?" என்பதுதான்.

வீட்டில் அளக்க எதைக் கொடுக்கலாம் என்று தேடும் ஆசிரியர்களுக்குத் தொலைக்காட்சியைப் பரிந்துரைக்கிறேன். 32 இன்ச் டிவி என்கிறார்களே, அந்த 32 எங்கே இருக்கிறது என்று அளந்து வரச் சொன்னால், அகலம் 28-க்குச் சற்றுக் குறைவு, உயரம் 16-க்குச் சற்றுக் குறைவு, 32 எங்கேயும் இல்லை என்று வந்து நிற்பார்கள். மூலைக்கு மூலை அளக்கத் தோன்றுவது சிலருக்குத்தான். ஏணி, சுவர் என்ற கணக்குகளை நான் அதிகம் கொடுப்பதில்லை; நோட்ஸ்களில் அவை போதும் போதும் என்னும் அளவுக்கு உள்ளன.

சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், பக்கங்களின் மேல் சதுர அட்டைக்குப் பதிலாகக் கனசதுரப் பெட்டிகளை வைத்தால் தராசு சமமாக நிற்குமா என்று கேட்டான். முதலில் எண்களைப் போட்டுப் பார்த்தோம். 3, 4, 5-க்கு 27-உம் 64-உம் சேர்ந்து 91; பெரிய கனசதுரம் 125. 6, 8, 10-க்கு 728, பெரியது 1000. எப்போதும் பெரியதே கனமா என்ற கேள்விக்கு அவனே பாதி வழி வந்தான். கர்ணம் இ என்றால், இ³ என்பது இ² பெருக்கல் இ. இ² என்பதோ அ² + ஆ². ஆகவே இ³ = அ²இ + ஆ²இ. கர்ணம் இரண்டு பக்கங்களையும் விட நீளமானது என்பதால், அ²இ என்பது அ³-ஐ விடப் பெரிது, ஆ²இ என்பது ஆ³-ஐ விடப் பெரிது. எந்தச் செங்கோண முக்கோணத்திலும் பெரிய பெட்டி இருக்கும் தட்டுதான் இறங்கும். நீளங்களை அப்படியே கூட்டினால் இரு பக்கங்களும் சேர்ந்து கர்ணத்தை விட அதிகம். சதுரங்களைக் கூட்டினால் சமம். கனசதுரங்களைக் கூட்டினால் குறைவு. அ⁴, ஆ⁴ என்ற நான்காம் அடுக்குக்கும் இதே வாதம் செல்லுமா என்று அவன் இப்போது எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.